மோட்டார் ஹோமில் ‘ஸ்லிப்’ எண்: ஆட்டோமேட்டிக் கியர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பழைய மோட்டார் ஹோம் (வீடாகவே கட்டிய வண்டி) ஒன்றை வாங்கி, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மலிவான ஸ்கேனர் ஒன்றைச் செருகி, போனில் ஓடும் எண்களைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தூக்கம் போகிறது. எஞ்சின் சூடு, பேட்டரி வோல்ட் எல்லாம் பார்த்ததும் புரிந்துவிடும். ‘டிசிசி ஸ்லிப்’ மட்டும் புரியாது. சிக்னலில் 700, நெடுஞ்சாலையில் 0, மலையில் 300, இறக்கத்தில் மைனஸ் 40 என்று தாவிக்கொண்டே இருக்கும். இங்கே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஃபோர்டின் ஈ-450, எஃப்-53 சேசி (அடிச்சட்டம்) மேல் கட்டிய பெட்ரோல் வண்டிகளிலிருந்து. டீசல் வண்டிகளைப் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

இந்த எண் எதை அளக்கிறது?

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். மறுபக்கம் டர்பைன், அது கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டைச் சுழற்றும். இரண்டையும் இணைப்பது எண்ணெய் மட்டும்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று, டர்பைன் 2,300 சுற்று என்றால் ஸ்லிப் 200. இந்தக் கழித்தல் கணக்குத்தான் திரையில் ஓடுகிறது.

அந்தக் கன்வர்ட்டருக்குள்ளேயே ஒரு கிளட்ச் உண்டு. டிசிசி (டார்க் கன்வர்ட்டர் கிளட்ச்), லாக்-அப் என்றெல்லாம் சொல்வது அதைத்தான். அது பிடித்ததும் எஞ்சினும் டர்பைனும் ஒன்றாகச் சுற்றும், ஸ்லிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆக, எண்ணைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியது: கம்ப்யூட்டர் இப்போது லாக் செய்யச் சொல்லியிருக்கிறதா, இல்லையா? அந்த விடை கையில் இல்லாவிட்டால் 200 என்பதற்கு எந்தப் பொருளும் கிடையாது. ஸ்கேனரில் லாக்-அப் கட்டளையைக் காட்டும் கட்டத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டின் பழைய ஈ4ஓடி பெட்டியில், அதாவது கியர்பாக்ஸில், அது ஆன் அல்லது ஆஃப்; அதற்குப் பின் வந்த 4ஆர்100-இல் சதவிகிதமாக வரும்.

சிக்னலில் ‘டி’யில் நிற்கும்போது 700 காட்டுகிறது. கியர் போச்சா?

இல்லை. வண்டி நிற்பதால் டர்பைனும் நிற்கிறது, எஞ்சின் மட்டும் 700-இல் சுற்றுகிறது. 700-இல் பூஜ்யத்தைக் கழித்தால் 700. நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள், எண் மளமளவென்று இறங்கும். டர்பைனைப் பிடித்து நிறுத்த ஆளில்லாததால் அதுவும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும்.

மைனஸ் எண்?

இறக்கத்தில் காலை எடுத்தால் சக்கரங்கள்தான் எஞ்சினை இழுக்கின்றன. டர்பைன் வேகம் எஞ்சினைவிட ஒரு படி மேலே போகும். அவ்வளவுதான், கவலை வேண்டாம்.

சரி, எவ்வளவு வரை இருக்கலாம்?

ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வசதி. ஆனால் அப்படிச் சொன்னால் அது தவறாகத்தான் இருக்கும். நிலையைப் பொறுத்துப் பிரித்துச் சொல்கிறேன்.

லாக் ஆகாத நிலையில், சமதரையில் சீராகப் போகும்போது 100 முதல் 250 வரை சாதாரணம். ஏற்றத்தில் முழுக்க மிதித்தால் 400, 500 கூடப் போகலாம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஆயிரத்தைத் தாண்டும். கன்வர்ட்டர் செய்ய வேண்டிய வேலையே அது. நழுவுவதால்தான் அது இழுவிசையைப் பெருக்கித் தருகிறது.

லாக் ஆன நிலையில் கதை வேறு. மேலே சொன்ன ஃபோர்டு பெட்டிகளில், பிடித்து ஓரிரு நொடி ஆன பிறகு எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஐந்து, பத்து என்று ஆடினால் அது சென்சாரின் ஆட்டம். 50, 60 என்று நிலையாக நின்றால், அதுவும் ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கக் கூடினால், கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். சில புதிய பெட்டிகளில் அதிர்வு கேபினுக்கு வராமலிருக்க வேண்டுமென்றே ஒரு சிறு ஸ்லிப்பைக் கம்ப்யூட்டர் விட்டுவைக்கும். உங்கள் பெட்டி அந்த ரகமா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

லாக் ஆன நிலையில் வரும் 60, லாக் ஆகாத நிலையில் வரும் 300-ஐவிட மோசம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மலையில் 300 பார்த்துப் பதறுகிறார்கள். சமதரையில் 60 பார்த்து ‘சின்ன எண்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள்.

அது எப்படி 60 மோசம், 300 பரவாயில்லை?

வெப்பத்தைக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

மலை ஏறும்போது எஞ்சின் 3,500, டர்பைன் 3,200, ஸ்லிப் 300 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 150 கிலோவாட், அதாவது சுமார் 200 குதிரைத்திறன் தருகிறது. அதில் 8.6 சதவிகிதம், ஏறக்குறைய 13 கிலோவாட், எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. மோட்டார் ஹோமுக்குள் குளிருக்கு வைக்கும் 1,500 வாட் ஹீட்டர்களில் எட்டுக்கு மேல் ஒன்றாக எரிந்தால் வரும் சூடு இது. பெரிய சூடுதான். ஆனால் அது எண்ணெயில் இருக்கிறது, எண்ணெய் கூலருக்குப் போகிறது, கூலர் காற்றில் விடுகிறது. நீண்ட ஏற்றத்தில் கூலர் திணறும். அதைச் சமாளிக்க வழி உண்டு.

லாக் ஆன கிளட்ச் 60 சுற்று வழுக்கும்போது, மேலே சொன்ன எஞ்சின் தரும் சுமார் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு 2.5 கிலோவாட்தான் வருகிறது. ஆனால் அது முழுக்க அந்தக் கிளட்சின் மெல்லிய லைனிங்கின் மேலேயே பிறக்கிறது. லைனிங் கருகும், தூளாகும், அந்தத் தூள் எண்ணெயோடு, அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் வால்வ் பாடிக்குள் போய் வால்வுகளைத் தேய்க்கும். அப்புறம் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் இன்னும் வழுக்கும். மைல் கணக்கில் இப்படி ஓட்டினால் கன்வர்ட்டரோடு பெட்டியையும் சேர்த்துப் பிரிக்க வேண்டி வரும்.

மலையில் ஸ்லிப்பையும் சூட்டையும் குறைக்க நான் என்ன செய்யலாம்?

ஒரு கியர் இறக்குங்கள். கலிபோர்னியாவில் ஐ-5-இன் கிரேப்வைன் ஏற்றம், ஐ-15-இல் பேக்கர் ஊரைத் தாண்டி வரும் நீண்ட ஏற்றம், கொலராடோவில் 11,000 அடிக்கு மேலே இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குப் போகும் ஐ-70 ஏற்றம்: இங்கெல்லாம் ஓவர்டிரைவில் (கடைசிக் கியரில்) விட்டு மிதித்துக்கொண்டே இருந்தால், கம்ப்யூட்டர் லாக்கை விடும், பிடிக்கும், மறுபடி விடும். ஓவர்டிரைவை அணைத்துவிட்டால், அல்லது பாரம் இழுப்பதற்கான டோ/ஹால் பொத்தானை அழுத்திவிட்டால், பெரும்பாலும் ஒரு கியர் கீழே லாக் ஆகியே ஏறும். எஞ்சின் சத்தம் 3,000-க்கு மேல் போகும், பக்கத்தில் இருப்பவர் ‘வண்டி கத்துதே’ என்பார். கத்தட்டும். ஃபோர்டின் பத்து சிலிண்டர் வி10 எஞ்சினுக்கு அது சாதாரண வேகம், கியர்பாக்ஸுக்கோ பெரிய நிம்மதி. பின்னால் கார் கட்டி இழுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

எண்ணெய்ச் சூடு 175 முதல் 200 ஃபாரன்ஹீட், அதாவது 80 முதல் 93 செல்சியஸ் வரை நிம்மதியாக இருக்கலாம். 220 தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள். 250-ஐ நெருங்கினால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை 1,000–1,200-இல் ஓடவிடுங்கள். உடனே அணைத்துவிட்டால் எண்ணெய் கூலருக்குப் போவது நின்றுவிடும்.

எவ்வளவு தூரம் போனாலும் லாக்கே ஆகவில்லை. ஸ்லிப் எப்போதும் 200. கன்வர்ட்டரை மாற்ற வேண்டுமா?

பொறுங்கள். முதலில் கட்டளையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் லாக் செய்யச் சொல்லவே இல்லை என்றால் கன்வர்ட்டரின் மேல் பழியைப் போட முடியாது. அது சொல்லாமலிருக்கக் காரணங்கள் சாதாரணமானவை.

முதல் சந்தேகம் பிரேக் சுவிட்ச் மேல். பிரேக்கை லேசாகத் தொட்டாலே கம்ப்யூட்டர் லாக்கை விட்டுவிடும். சுவிட்ச் தேய்ந்தோ இடம் நகர்ந்தோ இருந்தால், நீங்கள் எப்போதும் பிரேக்கில் கால் வைத்திருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும். ஸ்கேனரில் பிரேக் நிலையைப் பாருங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஒருவரை நிறுத்தி, காலை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, எஞ்சின் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் போதிய சூடு ஏறாமல் லாக் செய்ய அனுமதி கிடைக்காது. மூன்றாவது, ஆக்சிலரேட்டர் மிதியின் நிலையைச் சொல்லும் சென்சார். அது தாவித் தாவிக் காட்டினால் லாக்கும் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு பட்டறையில் பெட்டியையே பிரிக்க வேண்டும் என்று பல ஆயிரம் டாலருக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். கடைசியில் பிரேக் சுவிட்சை மாற்றியதும் லாக் பிடித்துவிட்டது.

கட்டளை முழுசாகப் போயும் ஸ்லிப் இறங்கவில்லை என்றால்தான் சொலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு), வால்வ் பாடி, கன்வர்ட்டர் என்று உள்ளே போக வேண்டும்.

கன்வர்ட்டர் ஸ்லிப்பும் கியர் ஸ்லிப்பும் ஒன்றுதானா?

இல்லை, இரண்டும் வேறு வேறு நோய். கன்வர்ட்டர் ஸ்லிப் எஞ்சினுக்கும் டர்பைனுக்கும் நடுவில் நடப்பது. கியர் ஸ்லிப் அதற்கும் பின்னால், பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகளும் பேண்டுகளும் (இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள்) வழுக்குவது. அதைப் பிடிக்க டர்பைன் வேகத்தை, வெளியே போகும் தண்டின் வேகத்தால் வகுக்க வேண்டும். வரும் விடை அந்தக் கியரின் விகிதமாக இருக்க வேண்டும்.

ஈ4ஓடி, 4ஆர்100 இரண்டுக்கும் விகிதங்கள் 2.71, 1.54, 1.00, 0.71. ஃபோர்டின் ஐந்து கியர் டார்க்‌ஷிஃப்ட்டில் 3.11, 2.22, 1.55, 1.00, 0.71. செவர்லே பி-30-இல் வரும் 4எல்80ஈ-யில் 2.48, 1.48, 1.00, 0.75. நான்காம் கியரில் டர்பைன் 2,300, வெளித்தண்டு 3,240 என்றால் விடை 0.71, எல்லாம் ஒழுங்கு. அதே கியரில் 0.78 என்று நிலையாக வந்தால் உள்ளே ஏதோ வழுக்குகிறது. கியர் மாறும் அந்த ஒரு நொடியில் விகிதம் குழம்பும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டர்பைன் வேகத்தை அளக்கும் சென்சார் எல்லாப் பெட்டியிலும் இல்லை. பழைய ஈ4ஓடி அப்படிப்பட்டது. அங்கே கம்ப்யூட்டர் வெளித்தண்டின் வேகத்தை எடுத்து, ‘இப்போது நான்காம் கியர்’ என்று நம்பி, 0.71-ஆல் பெருக்கி டர்பைன் வேகத்தை ஊகிக்கிறது. உண்மையில் வழுக்குவது ஓவர்டிரைவ் பக்கமாக இருந்தாலும் திரையில் அது கன்வர்ட்டர் ஸ்லிப்பாகத்தான் தெரியும். இதை நம்பிக் கன்வர்ட்டரை மாற்றினால் அதே நோயோடு வண்டி திரும்பி வரும்.

பிரித்தறிய ஒரு வழி: மூன்றாம் கியரில் லாக் ஆன நிலையில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் நான்காம் கியரில். மூன்றில் பூஜ்யம், நான்கில் 200 என்றால் சந்தேகம் ஓவர்டிரைவ் மேல். இரண்டிலும் வழுக்கினால் கன்வர்ட்டர் கிளட்ச் மேல்.

ஸ்கேனர் இல்லை. டாக்கோமீட்டரை (எஞ்சின் சுற்று காட்டும் முள்) வைத்துப் பார்க்க முடியுமா?

தாராளமாக. டயர் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது, பின் அச்சின் விகிதம், கியர் விகிதம் மூன்றையும் பெருக்கினால், 60 மைல் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது வந்துவிடும். ஈ-450-இல் 225/75ஆர்16 டயர் மைலுக்குச் சுமார் 710 சுற்று. அச்சு 4.56 என்றால், ஓவர்டிரைவில் 710 × 4.56 × 0.71, கிட்டத்தட்ட 2,300.

சமதரையில், ஜிபிஎஸ் காட்டும் 60-இல் வேகத்தை நிலையாக வைத்துப் பாருங்கள். 2,300-இல் நின்றால் லாக் ஆகியிருக்கிறது. 2,500 என்றால் ஸ்லிப் 200. பிறகு ஆக்சிலரேட்டரை அசைக்காமல் இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள், விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். முள் 150, 200 மேலே ஏறி, காலை எடுத்ததும் மறுபடி இறங்கினால் லாக்-அப் வேலை செய்கிறது. பின்னால் யாரும் ஒட்டி வராதபோது மட்டும் இதைச் செய்யுங்கள்.

பிரேக்கை அழுத்திப் பிடித்து, ‘டி’யில் போட்டு முழுக்க மிதிக்கும் ஸ்டால் சோதனையை வீட்டு வாசலில் செய்து பார்க்காதீர்கள். அது பட்டறைக்காரர் வேலை. அவரும் சில நொடிகளுக்கு மேல் செய்ய மாட்டார்.

எந்த ஸ்கேனர் வாங்குவது?

கியர்பாக்ஸ் எண்கள் ஓபிடி-2 (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான பழுதறியும் முறை) பட்டியலில் வராது. அந்தந்தக் கம்பெனியின் தனி எண்களைப் படிக்கத் தெரிந்த கருவி வேண்டும். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் நன்றாக வேலை செய்கிறது. டார்க் ப்ரோ, ஸ்கேன்கேஜ் போன்றவற்றிலும் நாமே அந்த எண்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 1996 முதல் எல்லா வண்டியிலும் ஓபிடி-2 என்று சொல்வது கார்களையும் இலகுரக வண்டிகளையும் பற்றி. கனமான மோட்டார் ஹோம் சேசிகளுக்கு அந்த ஆண்டுக் கணக்கு அப்படியே பொருந்தாது. வாங்கும் முன் குனிந்து, டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பி0741 என்ற பிழைக் கோடு (கோட் எண்) வந்திருக்கிறது.

லாக் செய்யச் சொன்னேன், ஆனால் ஸ்லிப் குறையவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. ஓபிடி-2-க்கு முந்தைய ஃபோர்டுகளில் இதே புகார் 628 என்ற எண்ணில் வரும். ஓவர்டிரைவ் ஆஃப் விளக்கு சிமிட்டினால் இப்படி ஏதோ ஒரு கோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கோடு நோயைச் சொல்கிறதே தவிர, எந்த உறுப்பு என்று சொல்வதில்லை. அந்தப் பிழைக் கோடை அழிப்பதற்கு முன், அது எந்தச் சூட்டில், எந்தக் கியரில், எந்த வேகத்தில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பி0731 முதல் வரும் வரிசை கியர் விகிதம் பொருந்தவில்லை என்பது. அது வேறு புகார்.

45 மைல் வேகத்தில் வண்டி தடதடக்கிறது. லாக்-அப் வழுக்குவதா?

இருக்கலாம். ஆனால் வி10 வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இக்னிஷன் காயிலை. லாக் ஆகாதபோது நடுவில் இருக்கும் எண்ணெய் எஞ்சினின் குலுக்கலை விழுங்கிவிடும். லாக் பிடித்ததும் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் அது அப்படியே சேசிக்கு வரும். ‘பிரேக்கைத் தொட்டதும் தடதடப்பு நின்றது, ஆகவே கன்வர்ட்டர்தான்’ என்று பலர் முடிவு கட்டுவது இதனால்தான் நம்பகமில்லை. இரண்டு நோயிலும் அது நிற்கும். தடதடக்கும்போது ஸ்லிப் எண் 0, 50, 10, 80 என்று குதித்தால் கிளட்ச். எண் பூஜ்யத்தை ஒட்டியே நின்று, மிஸ்ஃபயர் கணக்கு ஏறிக்கொண்டிருந்தால் காயில் அல்லது பிளக்.

எண்ணெய் மாற்றினால் ஸ்லிப் சரியாகுமா?

லைனிங் இன்னும் உயிரோடு இருந்து, எண்ணெய் மட்டும் கெட்டுப்போயிருந்தால் லேசான நடுக்கம் போவதுண்டு. கருகின லைனிங்கை எந்த எண்ணெயும் திரும்பக் கொண்டுவராது. சரியான ரகத்தை ஊற்றுங்கள்: 4ஆர்100-க்கு மெர்கான் வி, 4எல்80ஈ-க்கு இப்போது டெக்ஸ்ரான் 6. டார்க்‌ஷிஃப்ட்டுக்கு முதலில் மெர்கான் எஸ்பி சொல்லப்பட்டது. பிறகு அதன் இடத்தில் மெர்கான் எல்வி வந்தது. ஈ4ஓடி, 4ஆர்100 பெட்டிகளில் அளவு பார்ப்பது எண்ணெய் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போது. குச்சியில் வரும் எண்ணெய் பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இயல்பு. மின்னும் உலோகத் துகள், கருப்புத் துணுக்கு என்றால் இல்லை.

என்னுடையது டீசல் புஷர் (பின்னால் எஞ்சின் உள்ள வண்டி), கியர்பாக்ஸ் அலிசன் 3000. அங்கேயும் இப்படித்தானா?

அடிப்படை அதேதான். அலிசன் இரண்டாம் கியரிலேயே லாக் பிடித்துவிடுவதால், லாக் இல்லாத ஓட்டம் குறைவு. புதிய தலைமுறை அலிசன்களில் ஸ்கேனர் இல்லாமலே சில விஷயங்களைப் பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில், செலக்டரின் மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எண்ணெய் அளவு வரும். அதற்கு எண்ணெய் அடங்க இரண்டு நிமிடம் எடுக்கும். மேலும் அழுத்தினால் எண்ணெயின் ஆயுள், ஃபில்டர் ஆயுள், பெட்டியின் உடல்நிலை என்று வரிசையாக வரும். கிளட்சுகளின் தேய்மானத்தை வைத்துத்தான் அந்த உடல்நிலையை அது சொல்கிறது. ஸ்லிப் எண்ணையே பார்க்க வேண்டுமென்றால் அலிசனின் டாக் மென்பொருள் இருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். ஓட்டிப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது?

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், அழுத்தமும் நன்றாக நிற்கும். தேய்ந்த சீல்கூட அப்போது சமாளித்துவிடும். சூடேறி எண்ணெய் நீர்த்த பிறகுதான் உண்மை வெளியே வரும். திரையில் எஞ்சின் வேகம், டர்பைன் வேகம், லாக் கட்டளை, ஸ்லிப், எண்ணெய்ச் சூடு ஐந்தையும் வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டும்போது நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். 180 ஃபாரன்ஹீட் தாண்டிய பிறகு ஒரு மேம்பாலமோ சிறு ஏற்றமோ கிடைத்தால், லாக் ஆன நிலையில் மெல்ல மெல்ல மிதியைக் கூட்டுங்கள். கட்டளை போயிருந்தும் எண் பூஜ்யத்தை விட்டு நகர்ந்தால், அல்லது லாக் சொலினாய்டின் சதவிகிதம் உச்சத்தில் நின்றும் போதாமல் வழுக்கினால், ஒரு கன்வர்ட்டர் வேலைக்கான பணத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தால் எதற்காகச் சூடேற்றி வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் வரும் தொந்தரவுகளை மறைக்க அது ஒரு பழைய வழி. ஸ்கேனர் செருகவே கூடாது என்று விற்பவர் அடம் பிடித்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.